பை நிறையும் வரை

இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். வழக்கமாக வரும் நண்பர்கள் பயப்பட வேண்டாம். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுதுகிறேன், பாதியில் நம் பழைய தபால் செக்ஷனும் வரும்.

போன மாதம் பேரன் இரண்டு நாள் லீவில் திருவள்ளூர் வந்திருந்தான். லீவு என்று பேர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எடை மேடை கணக்கு எழுதும் புரோகிராம்களைச் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவனுக்கு வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். ஒரு புரோகிராம் எடையைப் படிக்கும், இன்னொன்று ரசீது அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ‘பைப்’ என்று ஒன்று இருக்கிறதாம். இரும்புக் குழாய் இல்லை. ஒரு புரோகிராம் பேசுவது இன்னொன்றின் காதில் விழ, கம்ப்யூட்டருக்கு உள்ளேயே போட்ட வழி.

ராத்திரி பதினோரு மணிக்கு ஊஞ்சலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

“என்னடா?”

“டெஸ்ட் ஹேங் ஆயிடுச்சு தாத்தா. மூணு வாரமா இதே கதை.”

நாம் தூங்கும் நேரத்தில் ஒரு புரோகிராமை இன்னொரு புரோகிராமே பரீட்சை செய்யுமாம். கேள்வி கேட்கும், பதில் வரும், சரியா தப்பா என்று குறித்து வைக்கும். காலையில் ஆட்கள் வந்து மார்க் பார்த்துக்கொள்வார்கள். இவர்களுடைய பரீட்சையில் கேள்வி போகிறது, பதில் வரவில்லை. காலையில் பார்த்தால் இரண்டும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அதே புரோகிராமை இவன் கையால் ஓட்டி, திரையில் அதே கேள்வியை டைப் அடித்தால் டக்கென்று பதில் வருகிறது.

“மனுஷன் கேட்டா சொல்லுது, மெஷின் கேட்டா சொல்ல மாட்டேங்குதா?”

“அதேதான் தாத்தா. பஃபர்.”

பஃபர் என்றதும் எனக்கு வேறு ஒரு சொல் ஞாபகம் வந்தது. நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ல் பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு மூன்று வயது. கொடி மாறினாலும் எங்கள் வகுப்பில் பாஷை மாறவில்லை. ப்ரவே பரீட்சை வரை கணக்கும் பூகோளமும் எல்லாம் பிரெஞ்சில்தான். அந்த பாஷையில் பஃபருக்கு ‘தாம்போன்’ என்று பெயர். ரயில் பெட்டிகள் இரண்டு முட்டிக்கொள்ளும் இடத்தில் வட்டத் தட்டு வைத்த இரும்பு இருக்குமே, அதுவும் தாம்போன்தான். ஆபீசில் ரப்பர் ஸ்டாம்பை ஒற்றும் மைப் பெட்டியும் தாம்போன், அந்த ஸ்டாம்பும் தாம்போன். முப்பத்தாறு வருஷம் தாம்போனும் கையுமாகவே பிழைத்தவன் நான் என்று பேரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னான். அதற்கப்புறம் நானும் ஒரு மாதமாக இங்கும் அங்கும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குழாயின் பிறப்பு அமெரிக்காவில். நியூ ஜெர்சி மாநிலம் மர்ரே ஹில் என்ற இடத்தில் பெல் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் 1964 அக்டோபரில் தட்டச்சு செய்து வைத்த ஒரு குறிப்பில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய்களை ஒன்றோடு ஒன்று திருகி நீட்டுவதுபோலப் புரோகிராம்களையும் இணைக்க ஒரு வழி வேண்டும் என்று எழுதினார். அது குறிப்பாகவே கிடந்தது. நம் ஆபீஸ்களில் நல்ல யோசனைக் குறிப்புகள் பைலில் உறங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. ஆனால் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1973-ல் கென் தாம்ஸன் ஒரே ராத்திரியில் அதை யூனிக்ஸில் எழுதிச் சேர்த்துவிட்டார். மறுநாள் அங்கிருந்தவர்கள் எல்லாரும் சின்னச் சின்னப் புரோகிராம்களை வரிசையாகக் கோத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்களாம். அதே 1973-ல்தான் நானும் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இந்தப் பொருத்தத்தைப் பேரன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்து யூனிக்ஸ் பைப்பில் 4096 எழுத்துகளுக்கு இடம் இருந்தது. நிரம்பிவிட்டால் எழுதுகிறவன் தூங்கவேண்டும், காலியாக இருந்தால் படிக்கிறவன் தூங்கவேண்டும். இன்று பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸில் 2005 வாக்கில் இந்த இடம் 65,536 ஆகிவிட்டது. இந்தக் கொள்ளளவு ஒன்றும் தாமதம் செய்வதில்லை. உள்ளே ஒரு எழுத்து விழுந்தாலும் எதிர்ப்பக்கம் உடனே எடுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் மேஜையில் இருக்கும் ‘உள்வரவு’ தட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வம்பு செய்வது இன்னொரு பஃபர். அது அனுப்புகிறவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இயக்க முறைமையிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒவ்வொரு நடைக்கும் நேரம் செலவாகும். அதனால் சி மொழிக்கு மைக் லெஸ்க் எழுதிய, பிறகு டென்னிஸ் ரிட்சி திருத்தி 1979-ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியான அந்த நூலகத் தொகுப்பு ஒரு சிக்கனம் செய்தது. புரோகிராம் எழுதுவதையெல்லாம் முதலில் தன் பையில் போட்டுவைக்கும். பை நிறைந்ததும் மொத்தமாக ஒரே நடை. எதிரே மனுஷன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் வரிக்கு வரி கொடுத்துவிடும் என்ற வழக்கமும் நிலைத்தது. எதிரே இருப்பது மனுஷன் இல்லாவிட்டால் பை நிறைந்தால்தான் நடை என்பதற்கு 1989-ல் வந்த சி மொழியின் தரநிலையும் இடம் கொடுத்துவிட்டது. தவறு நேர்ந்தால் சொல்லும் வாய் மட்டும் தனி. அது பை நிறையும் வரை காத்திருக்காது.

பேரனின் எடைப் புரோகிராம் பழைய சி மொழியில் எழுதியது. ஒரு லாரியின் எடை ஒரு வரி, சுமார் இருபது எழுத்து. பைப்பில் பேசும்போது பை 4096. இருநூறு லாரி ஏறி இறங்கினால்தான் முதல் லாரியின் எடை வெளியே வரும்! பரீட்சைப் புரோகிராமோ ஒரே ஒரு லாரியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது. எடைப் புரோகிராம் பதிலை எழுதிப் பைக்குள் போட்டுவிட்டு, சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறது. ‘அவர்கள் அழைக்கட்டும்’ என்று இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட சம்பந்தி வீடு மாதிரி, விடிய விடிய. இந்த நிலைக்கு பிரெஞ்சில் ‘எத்ரேந்த்து ஃபத்தால்’ என்று ஒரு பெயர் உண்டு. உயிரை வாங்கும் அணைப்பு என்று அர்த்தம். திருதராஷ்டிரன் பீமனின் இரும்புச் சிலையைத் தழுவினானே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

ஆனால் ‘சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதி’ என்று அவன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய வாக்கியம்.

வருஷம் 1978. எந்த அலுவலகம் என்பது இப்போது யாருக்கும் உபயோகமில்லை. நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். சுவரில் புறாக்கூண்டு மாதிரி அறைகள் வைத்த அலமாரி. ஊருக்கு ஓர் அறை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை என்று சீட்டு ஒட்டியிருக்கும். சர்வீஸ் ஸ்டாம்ப் கணக்கை மாசாமாசம் காட்டவேண்டும், அதிகம் செலவானால் மெமோ. ஆகவே ஓர் ஊருக்குப் போகும் கடிதங்களை ஒரே உறையில் சேர்த்து அனுப்புவது வழக்கம். அறையில் நாலு காகிதமாவது சேரட்டும் என்று விட்டுவைப்போம். நான் கண்டுபிடித்த முறை இல்லை, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. ஆனால் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் அன்றன்றைக்கே எண் போட்டு, தேதி போட்டு, ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் பாக்கி காட்டும். தாம்போனில் ஒற்றி முத்திரை வைத்தால் காகிதம் போய்விட்டதாகவே கணக்கு.

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். புருஷன் சர்வீஸிலேயே இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதிய உத்தரவு வரவேண்டும். செக்ஷனில் ந.க. எண்ணைப் பார்த்து, கையெழுத்தாகி டெஸ்பாட்சுக்குப் போய்விட்டது என்றார்கள். நான் ரிஜிஸ்டரைப் புரட்டி, “கிளம்பிடுச்சும்மா” என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை, ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை வந்தபோது கூட எட்டு வயசுப் பெண் ஒன்று. அந்த அம்மாளின் காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சி சொருகியிருந்தது.

“ஐயா, கிளம்பிடுச்சு கிளம்பிடுச்சுன்னு சொல்றீங்களே, எந்த வழியா கிளம்பிச்சு?” என்று கேட்டார். கோபம் இல்லாமல் கேட்டார்.

எழுந்து அலமாரிக்குப் போனேன். கும்மிடிப்பூண்டி அறையில் மூன்று காகிதம். நாலாவது வரவில்லை. நாற்பத்தேழு நாள். மறுநாள் காஷுவல் லீவு போட்டு, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிப் போய் அந்த உத்தரவைச் சேரவேண்டிய ஆபீசில் நானே கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். கம்மலை மீட்டாரா என்று கேட்கும் தைரியம் அன்றைக்கும் இல்லை, பிற்பாடும் இல்லை. இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமாக எவ்வளவோ எழுதியும் இதை எழுதியதில்லை. பேரன் முகத்தைப் பார்த்தபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. புரோகிராம் ‘எழுதிவிட்டேன்’ என்று நினைப்பதற்கும், எதிர்ப்பக்கம் ‘படித்துவிட்டேன்’ என்று சொல்வதற்கும் நடுவே ஒரு பை இருக்கிறது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். புரோகிராம்களைப் புரோகிராம்களாலேயே பரீட்சை செய்ய ஆரம்பித்தவர்கள் எல்லாரும் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் டான் லைப்ஸ். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். (நம்மைப் போல அரசு ஊழியர் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.) 1990-ல் ‘எக்ஸ்பெக்ட்’ என்ற கருவியை வெளியிட்டார். அதன் தந்திரம் வேடிக்கையானது. பைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பொய் டெர்மினலை வைத்தார். உள்ளே இருக்கும் புரோகிராம், ‘எதிரே மனுஷன்தான் உட்கார்ந்திருக்கிறான்’ என்று நம்பி, வரிக்கு வரி ஒழுங்காகப் பேசிவிடும். இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் வந்த நாளில் அலமாரி அறைகள் காலியாக இருப்பதுபோலத்தான். குனூ திட்டத்தின் கம்பைலர்களைப் பரீட்சை செய்யும் டெஜாக்னூ என்ற சோதனை அமைப்பு இந்த எக்ஸ்பெக்ட்டின் மேல்தான் கட்டப்பட்டது. எக்ஸ்பெக்ட்டோடு ‘அன்பஃபர்’ என்றே பெயர் வைத்த ஒரு குட்டிக் கருவியும் வரும். பையை ஒழி என்று அர்த்தம். பிறகு 2009-ல் இதே வேலைக்கு லினக்ஸில் தனியாக ஒரு கட்டளை வந்தது. புரோகிராமின் மூலத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ‘பையைக் கொட்டு’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். பேரனும் அன்று ராத்திரி அதைத்தான் செய்தான். ஒரே ஒரு வரி. மூன்று வாரம் ஓடாத பரீட்சை நாலு விநாடியில் முடிந்தது.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இதுக்குப் பொறுமை இல்லாம இந்த டெஸ்டையே ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க தாத்தா. ஆலையில ஓடுற புரோகிராம்லயும் இதே பைதான்.”

அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். எடை வராமல் லாரிகள் கேட்டுக்கு வெளியே ரோடு வரை நின்றிருக்கின்றன. மேடையில் இருந்தவர் கையால் சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, ‘கம்ப்யூட்டர் சரியில்லை’ என்று நோட்டில் எழுதியிருக்கிறார். பையில் கிடந்த எடைகள் சாயங்காலம் மொத்தமாக வந்து விழுந்தனவாம், எந்த லாரி எந்தச் சீட்டு என்று தெரியாமல்.

இதற்கு மேல் பேரனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பை இல்லாமலேயே இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியாதா என்று யாராவது அடிப்படையாக யோசித்திருப்பார்களே என்று தேடினேன். இரண்டு பேர் கிடைத்தார்கள், இரண்டு பேரும் எதிரெதிர் திசையில் போனவர்கள்.

ஒருவர் பிரெஞ்சுக்காரர், ழீல் கான். (பாண்டிச்சேரியில் அந்த உச்சரிப்புக்கு ‘ழ’தான் போடுவோம்.) 1974-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் அவர் படித்த கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. புரோகிராம்களுக்கு நடுவே அளவில்லாத வரிசை இருக்கட்டும், எழுதுகிறவன் எப்போதும் நிற்க வேண்டாம், படிக்கிறவன் மட்டும் காலியாக இருந்தால் காத்திருக்கட்டும், எட்டிப் பார்க்கக் கூடாது என்றார். அப்படி இருந்தால் எவன் வேகமாக ஓடினாலும் எவன் மெதுவாக ஓடினாலும் விடை மாறாது என்று கணக்கால் நிரூபித்தார். அழகான விஷயம். ஆனால் அளவில்லாத வரிசை கணக்கில்தான் உண்டு, உலகத்தில் இல்லை. அலமாரி அறை எவ்வளவு பெரிசாக இருந்தாலும் ஒருநாள் நிரம்பும்.

இன்னொருவர் டோனி ஹோர். ஆங்கிலேயர், ஆனால் 1934-ல் பிறந்தது நமக்குப் பக்கத்தில், கொழும்பில். 1978-ல், நான் அந்த அலமாரி முன்னால் நின்ற அதே வருஷத்தில், அவர் எழுதிய கட்டுரையில் பஃபரே கிடையாது. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே சமயத்தில் கையை நீட்டினால்தான் விஷயம் கைமாறும். முதலில் வந்தவன் மற்றவன் வரும்வரை நிற்கவேண்டும். பை வேண்டுமென்றால், பையையும் ஒரு தனிப் புரோகிராமாக எழுதி எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நடுவில் நிறுத்து என்பது அவர் கட்சி.

இதைப் படித்தபோது அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் நண்பரிடம் போனேன். அவர் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும், “இதுல என்ன சார் புதுசு?” என்றார். அந்தக் காலத்து ஸ்டேஷனில் பிளாக் கருவி இருக்கும். இங்கே ஒரு முறை தட்டினால் அடுத்த ஸ்டேஷனில் மணி ஒரு முறை அடிக்கும். அங்கிருப்பவர் அதையே திருப்பித் தட்டவேண்டும். இரண்டு தட்டினால் ‘லைன் கிளியரா?’ என்று கேள்வி. மூன்று, வண்டி கிளம்பி உள்ளே நுழைகிறது. நாலு, வண்டி வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரிலிருந்து அதே எண்ணிக்கையில் பதில் மணி வரவேண்டும். வராதவரை எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. லைன் கிளியர் வாங்காமல் வண்டியை விட முடியாது, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு பாதையில் ஒரே வண்டிதான். “அனுப்பிட்டேன்னு நான் ரிஜிஸ்டர்ல எழுதினா போதாது சார். வாங்கிட்டேன்னு அவன் மணி அடிக்கணும்,” என்றார். என் 1978 கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் திருவள்ளூர் வழியாக ஓடியது 1856-ல். ஹோர் எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பே ரயில்வேக்காரர்கள் உயிருக்குப் பயந்து இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஹோர் எழுதியது காகிதத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து இன்மாஸ் கம்பெனி அதை அப்படியே சில்லில் வடித்தது. டிரான்ஸ்பியூட்டர் என்று பெயர். அதற்கான மொழி ஆக்கம். (தமிழ்ச் சொல் இல்லை, ஆக்கம் என்ற ஊர்க்காரரான ஒரு பழைய தத்துவவாதியின் பெயர்.) அதில் இரண்டு புரோகிராம் பேசவேண்டுமென்றால் இரண்டும் தயாராக இருக்கவேண்டும், நடுவில் பை இல்லை. நம் நாட்டில் 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கி, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தார்களே, ஞாபகம் இருக்கும். அமெரிக்காவிடம் கிரே கம்ப்யூட்டர் வாங்குவதில் இருந்த இழுபறியெல்லாம் அப்போது பேப்பரில் வந்தது. அந்த பரம் 8000 இந்த டிரான்ஸ்பியூட்டர்களைக் கோத்துச் செய்ததுதான். கொழும்பில் பிறந்தவரின் யோசனை புனேக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாக.

கடைசியாக ஒரு விஷயம். 1973-ல் ஒரே ராத்திரியில் பைப்பைச் செய்த அதே கென் தாம்ஸன், வயதான காலத்தில் கூகுளில் ராப் பைக், ராபர்ட் கிரீஸ்மர் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு புது மொழி செய்தார். 2009-ல் வெளியானது. பெயர் ‘கோ’. (நமக்கு அரசன், பசு. அவர்களுக்கு ‘போ’.) அதில் புரோகிராமின் பகுதிகள் பேசிக்கொள்ளும் வழிக்கு, நீங்கள் அளவு சொல்லாவிட்டால், பை கிடையாது. ஹோர் சொன்னபடி கைக்குக் கை. அதன் நூலகத்தில் பரீட்சைகளுக்குப் பலரும் உபயோகிக்கும் ஒரு பைப்பும் உண்டு. இயக்க முறைமையைத் தொடாமல் நினைவகத்துக்குள்ளேயே ஓடும், கொள்ளளவு சுத்தமாகப் பூஜ்யம். எழுதியதை எதிர்ப்பக்கம் எடுத்து முடிக்கும்வரை எழுதுகிறவன் நகர முடியாது.

இதைப் பேரனிடம் போனில் சொன்னேன். அவர்களுடைய ரசீதுப் புரோகிராம் கோ மொழியில்தான் இருக்கிறதாம். அதன் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இந்தப் பூஜ்யப் பைப்பை வைத்துப் பரீட்சை எழுதிப் பார்க்கிறேன் என்றான். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

“தாத்தா, மறுபடியும் ஹேங்.”

“அதே பையா?”

“இல்ல, இது வேற. ரெண்டு பக்கமும் முதல்ல பேச ஆரம்பிக்குது. ரெண்டுமே மத்தவன் கேட்டு முடிக்கட்டும்னு நிக்குது. இவ்வளவு நாள் நடுவுல 65,536 இடம் இருந்ததால யாருக்கும் தெரியல. பிரிண்டர்ல பேப்பர் சிக்கி, பேச்செல்லாம் சேர்ந்து, குழாய் ரொம்பற அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.”

“எத்தனை நாளா இருக்கு இந்தத் தப்பு?”

“ரெண்டு வருஷமா.”

யார் முதலில் பேசவேண்டும் என்று இப்போது விதி எழுதிக்கொண்டிருக்கிறான். ஸ்டேஷன் மாஸ்டர் நண்பரின் நம்பர் வேண்டுமாம். கொடுத்திருக்கிறேன்.